சட்டையை உதறாதீர்கள்

முதல் வலி வந்தபோது துவைக்கிற கல்லருகில் நின்றிருந்தேன். தொப்புளைச் சுற்றி ஈரத்துணியைப் பிழிவதுபோல் ஒரு முறுக்கு. கல்லின் விளிம்பில் வயிற்றை அழுத்திக் குனிந்தால் கொஞ்சம் குறைந்தது. பல மாதங்கள் அந்தக் கல்தான் எனக்கு வைத்தியர். நோயைத் தந்ததும் அந்த இடம்தான் என்று அப்போது தெரியாது.

உங்கள் வீட்டு ஆண்கள் பட்டறையிலோ அச்சுக்கூடத்திலோ வேலை செய்து, அவர்கள் உடுப்பைத் துவைப்பவர் நீங்களாக இருந்தால், இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். ஆண்களுக்குச் சொல்ல ஆள் உண்டு. நமக்கு இல்லை.

எங்கள் வீடு திருவனந்தபுரம் வலியசாலையில். என் கணவர் ஒரு பஸ் கம்பெனியின் பட்டறையில் பாட்டரி அறைக்கு மேற்பார்வையாளர். யுத்தம் தொடங்கிச் சீமையிலிருந்து புதுப் பாட்டரி வருவது நின்றபின், பழையதைப் பிரித்து, உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளில் புதிதாக ஈயப்பொடி பூசி மறுபடி கூட்டுவார்கள். அந்தப் பொடி மஞ்சளும் சிவப்புமாக அழகாகவே இருக்கும்.

என் மாமியாருக்குப் பட்டறை என்றாலே விழுப்பு. கண்டவர் கைபட்ட உடுப்போடு வீட்டுக்குள் வரக்கூடாது. ஆகவே இவர் கொல்லை வழியாக வந்து, காக்கிச் சட்டையைக் கல்லின்மேல் போட்டுவிட்டு, கிணற்றடியில் தலையோடு குளித்து, உலர்ந்த வேட்டியோடு உள்ளே வருவார். அந்தச் சட்டையை வேறு யாரும் தொடமாட்டார்கள். மறுநாள் காலை, குளிப்பதற்கு முன் நான்தான் தொடவேண்டும். யுத்தகாலத்தில் சோப்பு குதிரைக்கொம்பு. எனவே முதலில் நன்றாக உதறி, தேங்காய் நாரால் தட்டி, பொடியெல்லாம் பறந்தபின்தான் நனைப்பேன். சிக்கனக்காரி என்று பெயர் வேறு வாங்கினேன்.

வாயில் எந்நேரமும் காசைச் சப்பியதுபோல் ஒரு தித்திப்பு. ஐந்து நாளைக்கொரு தரம்கூட வயிறு போகாது. நீர்க்குடம் கையிலிருந்து இரண்டு தடவை நழுவியது. இவற்றுக்கெல்லாம் முன்பே இரண்டு முறை கரு கலைந்திருந்தது. முதலாவது மூன்றாம் மாதத்தில். இரண்டாவது ஐந்தாம் மாதத்தில்; அதற்கு விரல்கள் இருந்தன.

தெருவில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வாயு என்றார்கள். சர்ப்ப தோஷம் என்றார்கள். நாகர் பிரதிஷ்டை செய்தோம், நாற்பத்தெட்டு நாள் அரசமரம் சுற்றினேன். சுற்றிவிட்டு வந்து சட்டையை உதறினேன். இன்று நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

கடைசியில் வலி தாங்காமல் பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே இருந்த லேடி டாக்டர் மலையாளி. எனக்காகத் தமிழ் பேசினார். என் கீழுதட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"இந்த நீலக்கோடு எப்போ முதல் உண்டு?"

ஈறின் ஓரத்தில் மை தீட்டியதுபோல் ஒரு கோடு. நான் கவனித்ததே இல்லை. விரலில் இரத்தம் எடுத்துப் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியில் பார்த்துவிட்டு வந்தார்.

"சரீரத்திலே ஈயம் கேறியிருக்கு. கர்ப்பம் ரெண்டும் அலசிப் போனது இதனாலே ஆகலாம். தோஷம் ஒண்ணும் இல்ல, கேட்டோ. வீட்டிலே என்ன பாத்திரம்?"

நான் அழுதேன். தோஷம் இல்லை என்று ஒருவர் வாயால் கேட்க எனக்கு நான்கு வருஷம் ஆகியிருந்தது.

பாத்திரம் என்றதும் ரசம் வைக்கிற ஈயச்சொம்பின்மேல் பழி விழுந்தது. வெள்ளீயத்தில் காரீயம் கலந்திருக்கலாம் என்றார் டாக்டர். மாமியார் சொம்பை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"முப்பது வருஷமா ரசம் வெக்கற சொம்பாக்கும் இது. நாங்க எல்லாரும் கல்லுக்குண்டாட்டமா இருக்கோம். இவ ஒருத்திக்கு மட்டும் ஆகாதா?"

கோபம் வந்தது. ஆனால் கேள்வி நியாயமான கேள்வி. எல்லாரும் சாப்பிடும் ரசம். எனக்கு மட்டும் ஏன்? இந்த வீட்டில் நான் மட்டும் செய்வது என்ன? அன்று மாலை காக்கிச் சட்டை கல்லின்மேல் வந்து விழுந்தபோது பதில் கிடைத்தது.

"ஏன்னா, நீங்க அங்கே பூசறது ஈயப்பொடிதானே?"

"அதெல்லாம் எங்களை மாசாமாசம் டாக்டர் பார்க்கறார். ரூமிலே நாலு மூலையிலும் வாஸலின் தடவின கண்ணாடி வெச்சு, ஒட்டற தூசியை எண்ணறார். ஃபேன் போட்டப்புறம் தூசியே இல்லேன்னு எழுதிக் கொடுத்திருக்கார், கேட்டியா."

"அப்போ உங்க சட்டையிலே இருக்கறது சந்தனமா?"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

மறுநாள் உடைந்த படம் ஒன்றின் கண்ணாடியை இரண்டு துண்டாக்கி விளக்கெண்ணெய் தடவினேன். ஒன்றைச் சமையலறை ஜன்னலில் வைத்தேன். இன்னொன்றைத் துவைக்கிற கல்லருகில் வைத்து, வாயையும் மூக்கையும் புடவைத் தலைப்பால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கடைசி முறையாகச் சட்டையை உதறினேன். ஜன்னல் கண்ணாடியில் இரண்டு கொசு ஒட்டியிருந்தது. கல்லருகில் இருந்ததில் மஞ்சள் பூசியதுபோல் ஒரு படலம்.

அதை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போனேன்; லேடி டாக்டர் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பிறகு கம்பெனி டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். கணவரோடு நானே போனேன். கம்பெனி டாக்டர் நல்ல மனிதர்தான், அதுதான் எரிச்சல். நாற்காலி போடச் சொன்னார், கண்ணாடியைப் பார்த்தார், கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"அம்மா, அறைக்குள்ளே எல்லாம் சரியா இருக்கு. நான் பார்க்கவேண்டியது தொழிலாளிகளை. நீங்க எங்க தொழிலாளி இல்லையே?"

"அது உங்க பொடிக்குத் தெரியலையே, டாக்டர்."

என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் தன் சட்டைக் கையை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "நான்தானே கொண்டுவந்து போட்டேன்" என்றார். அதற்கு நான் ஆறுதல் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தேன். கால்சியம் ஊசி (சுண்ணாம்புச் சத்து, குடல் முறுக்கைத் தளர்த்தும்), பேதி உப்பு, பால். அதற்குள் பட்டறையில் இரண்டு தண்ணீர்த் தொட்டி கட்டினார்கள். உடுப்பை அங்கேயே கழற்றி, நனைத்து, அங்கேயே துவைக்க ஆள் போட்டார்கள். இதைத் தானாகவே யோசித்ததாகக் கம்பெனி டாக்டர் இப்போது சொல்கிறார் என்று கேள்வி. போகட்டும்.

வீட்டில் மட்டும் ஒன்றும் மாறவில்லை. அவர் அங்கே குளித்து வெள்ளை வேட்டியோடு வந்தாலும், "பஸ்ஸிலே வந்ததாக்கும்" என்று மாமியார் அந்த வேட்டியையும் கல்லின்மேல் போடவைத்தார். சுத்தமான வேட்டியை நான் மறுபடி துவைத்தேன். ஒரே ஒரு வித்தியாசம்: முதலில் வாளியில் முக்கினேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். நனைத்துவிட்டுத் தொடுங்கள்.

"ஈயம் எலும்பிலே போய் இருக்கும். பதுக்கெ, மெல்ல மெல்லத்தான் இறங்கும். ரெண்டு வருஷம் கர்ப்பம் வேண்டா" என்றார் லேடி டாக்டர். இரண்டு வருஷம் தெருவுக்குப் பதில் சொன்னேன். என் உடம்பை என்னுடையது என்று நினைத்திருந்தேன். அதில் ஒரு பட்டறையின் மிச்சம் தங்கியிருக்கிறது. அது இறங்குகிற வேகத்தில்தான் இனி என் காலம் நகரும்.

இப்போது ஆறாம் மாதம். ஐந்தைத் தாண்டிய நாளை யாருக்கும் சொல்லாமல் நான் மட்டும் கொண்டாடினேன்.

நேற்று மாலை கொல்லையில் நின்றிருந்தபோது குழந்தை உதைத்தது. "ஏன்னா!" என்று கத்திவிட்டேன். அப்போதுதான் வேலையிலிருந்து வந்த அவர் கையை நீட்டிக்கொண்டு ஓடிவந்தார். நான் பின்னால் நகர்ந்தேன்.

"குளிச்சுட்டு வாங்கோ."

"அங்கே குளிச்சுட்டுத்தானே வரேன்?"

"இன்னொரு தரம்."

வாசற்படியில் நின்ற மாமியார் என்னைப் பார்த்தார். அவர்கூட இவ்வளவு கண்டிப்புக் காட்டியதில்லை. கணவர் கிணற்றடிக்குப் போனார். இரண்டு, மூன்று, நான்கு வாளி இறைக்கும் சத்தம் கேட்டது. அதற்குள் குழந்தை இன்னும் இரண்டு முறை உதைத்துவிட்டு அடங்கிப்போயிற்று. தலையில் நீர் சொட்ட அவர் வந்து, என் வயிற்றின்மேல் ஈரக் கையை வைத்தார்.

"இப்போ?"

"இல்லை. இருங்கோ" என்றேன். அவர் கையை எடுக்கவில்லை.