பிரிசில்லா டீச்சரின் பென்சில் நோட்டு

அந்த நோட்டில் பிரிசில்லா டீச்சர் பேனாவை வைத்ததே இல்லை. பெங்களூர் ஒக்கலிபுரத்துக் குடும்பங்கள் ஒரே வீட்டில் நிலைப்பதில்லை, இந்தச் சந்திலிருந்து அடுத்த சந்துக்குப் போய்க்கொண்டே இருக்கும், அழித்து எழுதப் பென்சில்தான் தோது என்பார். சிவப்புக் காலிகோ அட்டை போட்ட நீள நோட்டு. 1983-இல் தொடங்கியது. தெருத் தெருவாக, வீடு வீடாக, எந்த வீட்டில் எந்தத் தேதியில் குழந்தை பிறந்தது, அது எந்த ஜூனில் ஒன்றாம் வகுப்புக்கு வரும் என்று அதில் இருந்தது. மாநகராட்சி மூன்று முறை கதவு எண்களை மாற்றிவிட்டதால் அவர் எண்களை நம்பவில்லை. வீட்டுக்கு அடையாளம் எழுதுவார்.

“குழாயடி, பச்சைக் கதவு, ஆம்பூர் பெயிண்டர் வீடு. பெண், 12-8-95. வைகாசித் திருவிழாவுக்கு ஊருக்குப் போவார்கள், மே 22-ந் தேதி வாக்கில் வருவார்கள்.”

ஒரு குழந்தைக்கு ஒரு வரி. தொட்டிலில் கிடக்கும்போதே எழுதிவிடுவார். பிறகு ஐந்து வருடம் காத்திருப்பார்.

அவர் கோலார் தங்கவயலில் பிறந்தவர். அப்பா சவரிமுத்து சுரங்கத் தொழிலாளி. ஆசிரியர் பயிற்சி முடித்ததும் பெங்களூருக்கு வந்து, ரயில் பாதையை ஒட்டிய ஒரு சிறிய மிஷன் பள்ளியின் தமிழ்ப் பிரிவில் சேர்ந்தார். ஒன்று முதல் ஏழு வரை. இருபத்திரண்டு வருடமாக அதே பள்ளி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஈஜிபுராவில் ஓர் அறை, அஞ்சல் வழியில் படித்து வாங்கிய எம்.ஏ. வரலாற்றுப் பட்டம், ஒரு ரேடியோ. எம்.ஏ.வைப் பற்றிப் பள்ளியில் யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

2001 மார்ச்சில் கல்வி அலுவலகத்திலிருந்து பள்ளிக்குக் கடிதம் வந்தது. ஜூன் பதினைந்தாம் தேதி ஒன்றாம் வகுப்பில் பதினைந்து பிள்ளைகள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தமிழ்ப் பிரிவை மூடிவிட்டு, ஆசிரியர்களை வேறு இடங்களுக்கு அனுப்பிவிடுவார்கள். டீச்சர் நோட்டைத் திறந்து எண்ணினார். இருபத்தொன்று இருந்தது. ஆறு போனாலும் தப்பிக்கலாம்.

அதே மாதம் பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொரு கடிதம். பள்ளி ஆசிரியர்களுக்கான கோடைக்கால வரலாற்றுப் பயிலரங்கு, நான்கு வாரம், பேராசிரியர் சீனிவாசராகவன் நடத்துகிறார், பள்ளிக்கு ஒருவரை அனுப்பலாம். தலைமையாசிரியர் பால்ராஜ் டீச்சரைக் கூப்பிட்டார்.

“நீங்க போய்ட்டு வாங்க மேடம். ஆபீஸ்ல நம்ம ஸ்கூல் பேரு நிக்கும். இந்த டைம்ல அது முக்கியம்.”

“மே மாசம் நான் தெருவுல சுத்தணுமே சார். பிள்ளைங்க ஸ்ட்ரெங்த்?”

“தனலக்ஷ்மி சுத்தட்டும். சின்ன வயசு, கால் இருக்கு.”

தனலக்ஷ்மி வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. நோட்டை அவளிடம் கொடுத்துவிட்டுப் போவதாகத்தான் பேச்சு. டீச்சர் உடனே சரி என்றுவிட்டார். பின்னால் என்னிடம் சொன்னார், அந்த இரவு சந்தோஷத்தில் சாப்பிடவில்லை என்று.

நான் மூன்று வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அப்போதுதான் வீட்டுக்குத் திரும்பியிருந்தேன். எதிலும் உட்கார முடியாமல் இருந்த எனக்கு, அப்பாவின் நண்பரான பேராசிரியர் பயிலரங்கில் உதவியாளர் வேலை கொடுத்தார். வருகைப் பதிவு, ஜெராக்ஸ், தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு. இருபத்துநான்கு ஆசிரியர்கள். பெரும்பாலும் ஆங்கிலம், நடுநடுவே கன்னடம். பிரிசில்லா டீச்சர் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு வார்த்தை விடாமல் குறிப்பு எடுத்தார். முதல் வாரம் முழுக்க வாயைத் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பேராசிரியர், “ராஜாக்களை விடுங்கோ. உங்க தெருவோட வரலாறு எதுல இருக்கோ, அந்தக் காகிதத்தத் திங்கட்கிழமை கொண்டு வாங்கோ” என்றார். திங்களன்று ஒருவர் தாத்தாவின் நிலப் பத்திரம் கொண்டுவந்தார், இன்னொருவர் கோயில் கும்பாபிஷேக அழைப்பிதழ். டீச்சர் இந்த நோட்டைக் கொண்டுவந்தார். தனலக்ஷ்மிக்குக் கொடுக்க வேண்டியதுதான், ஒருநாள் தாமதமானால் என்ன என்று நினைத்திருக்கிறார்.

பேராசிரியர் நின்றபடியே பத்துப் பக்கம் படித்தார். வகுப்பு காத்திருந்தது.

“இது யாரு சொல்லி எழுத ஆரம்பிச்சீங்க?”

“யாரும் சொல்லலை சார். பிள்ளைங்க வேணும், அதான்.”

“மேடம், பதினெட்டு வருஷம் இந்த ஊருக்கு யாரு வந்தா, யாரு போனா, எந்தத் திருவிழாவுக்கு எங்க போனா, எல்லாம் இதுல இருக்கு. எங்க டிபார்ட்மென்ட்ல இருக்கற ஒருத்தருக்கும் இது தெரியாது. எனக்குந்தான்.”

டீச்சர் முகம் சிவந்துவிட்டது. மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அன்றிலிருந்து அவர் வகுப்பில் பேசினார். தமிழில்தான் பேசினார், நான் ஆங்கிலத்தில் சொன்னேன். பேராசிரியர் ஒவ்வொன்றுக்கும் மறுகேள்வி கேட்டார். சாப்பாட்டு வேளையில் டீச்சர் அந்தக் கேள்விகளை எனக்குத் திருப்பிச் சொல்லிக் காட்டுவார்.

நோட்டை ஜெராக்ஸ் எடுக்க என்னை சிவாஜிநகருக்கு அனுப்பினார்கள். பென்சில் எழுத்து ஏறவில்லை. கடைக்காரர் மூன்று முறை போட்டுப் பார்த்தார், சாம்பல் தாளாக வந்தது. அப்படியானால் கையால் எழுதி மொழிபெயர்த்துவிடு என்றார் பேராசிரியர். நூற்றெண்பது பக்கம். பயிலரங்கின் கடைசி மேஜையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். எனக்கு அது பிடித்திருந்தது. நான் எங்கெங்கோ தேடிப் போனதெல்லாம் ஒரே இடத்தில் நின்ற ஒருத்தரின் நோட்டில் இருந்தது. அவசரப்படவில்லை. அவசரம் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

ஒருமுறை டீச்சர் கேட்டார், “முடிஞ்சிடுச்சாம்மா?”

“பாதிதான் ஆச்சு மிஸ்.”

“மெதுவா எழுதுங்க. தப்பு வரக்கூடாது.”

மூன்றாவது வாரம் மதியம் தனலக்ஷ்மி வந்தாள். வெயிலில் கறுத்து, செருப்பு வார் அறுந்து, ஊக்கு குத்தியிருந்தாள். படிக்கட்டில் இருவரும் உட்கார்ந்தார்கள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் எழுதிக்கொண்டிருந்தேன், எல்லாம் கேட்டது.

“அக்கா, பாதி வீடு பூட்டிக்கினு கெடக்கு. காலி பண்ணிட்டாங்க போல.”

“எந்த வீடு?”

“பச்சக் கதவுன்னு சொன்னீங்களே, ஒக்கலிபுரத்துல எல்லாம் பச்சக் கதவுதான் க்கா. கவர்மென்ட் பெயிண்ட் மிச்சம் ஆயிடுச்சா இன்னா.”

டீச்சர் சிரித்துவிட்டார். “காலி இல்ல தனம். ஊருக்குப் போயிருப்பாங்க. வந்துடுவாங்க.”

“எப்போ?”

ஒவ்வொரு வீடும் திரும்பும் தேதி நோட்டில் இருந்தது. நோட்டு என் முன்னால் திறந்து கிடந்தது. நிமிர்ந்து பார்த்தேன். டீச்சர் கதவு வழியாக என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் புன்னகை செய்துவிட்டு மறுபடி எழுதினேன்.

“நோட்ட இந்த வாரம் குடுத்துடுவாங்க” என்றார் அவளிடம். “அதுக்குள்ள தொறந்திருக்கற வீட்டப் பாரு.”

நோட்டை ஏன் அப்போதே திருப்பிக் கேட்கவில்லை என்று ஜூலையில் நான் கேட்டேன். டீச்சர் சொன்னார்: “கேட்டா, இவ்ளோதான்னு சார் திருப்பிக் குடுத்துடுவாரோன்னு இருந்துச்சு. அப்புறம் என்கிட்ட பேச என்ன இருக்கு?”

மே இருபத்தைந்தாம் தேதி நிறைவு விழா. பிரிசில்லா டீச்சர் கட்டுரை வாசித்தார். கைதட்டல் நீண்டது. ஆசிரியர் என்றால் இவர்தான் ஆசிரியர் என்று பேராசிரியர் மேடையில் சொன்னார். சான்றிதழில் பெயரை ஒரு எழுத்துகூடப் பிசகாமல் அழகாக எழுதியிருந்தார்கள். திங்கட்கிழமை நான் கடைசிப் பக்கத்தை முடித்து நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அதை வாங்கியதும் டீச்சர் அங்கேயே நின்று மே மாதத் தேதிகளைப் புரட்டினார். பதினெட்டு, இருபது, இருபத்திரண்டு, இருபத்தைந்து.

“நீங்க வர்றீங்களாம்மா கூட?” என்றார். போனேன்.

முதலில் குழாயடி. பெயிண்டர் மனைவி வள்ளியம்மா வாசலில் கைக்குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். உள்ளே ஒரு சிறுமி, கழுத்தில் சிவப்பு டை, காலில் புது ஷூ, நடந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள்தான் சௌம்யா. நோட்டில் 12-8-95.

“வாங்க டீச்சரம்மா. இன்னா இப்பதான் வழி தெரிஞ்சுதா? வருஷா வருஷம் நாங்க பஸ்ஸ விட்டு எறங்கறதுக்குள்ள வாசல்ல நிப்பீங்களே.”

“வேற வேலையா போயிட்டேன் வள்ளியம்மா. சௌம்யா பேரு எழுதணுமே.”

வள்ளியம்மா கையை நிறுத்தினார். “நீங்க வருவீங்கன்னு அவங்கப்பா ரெண்டு நாள் வேலைக்கே போவல. கான்வென்ட்காரங்க குழாயாண்ட டேபிள் போட்டு உக்காந்துகினு, அந்தத் தமிழ் ஸ்கூல மூடிட்டாங்கன்னு சொன்னாங்க. நான் நம்பல. டீச்சர் வரட்டும்னேன். நீங்க வர்ல. அப்போ நெசந்தான்னு நெனச்சோம்.”

“பூட்டியிருந்துச்சுன்னு எங்க ஸ்கூல் பொண்ணு சொல்லிச்சு” என்றார் டீச்சர் மெதுவாக. “காலி பண்ணிட்டீங்கன்னு நெனச்சிருக்கா.”

“நாங்க எங்க போவோம்?”

“இன்னும் மூடலை வள்ளியம்மா. இப்பகூட சேக்கலாம்.”

“அட்மிசன் போட்டாச்சே. கால அளந்து ஷூ வாங்கிட்டாங்க.” பிறகு, அவர் முகத்தைப் பார்த்தோ என்னவோ, சட்டென்று பேச்சை மாற்றினார். “இவன எழுதிக்கலயா? ஏப்ரல் மூணாந்தேதி பொறந்தான். எப்பவும் எழுதிக்கினு போவீங்களே.”

டீச்சர் நோட்டைத் திறந்து, மடியில் வைத்து எழுதினார். ஆண், 3-4-2001. ஜூன் 2007.

அன்று பதினோரு வீடு போனோம். எல்லா வீட்டிலும் தண்ணீர் கொடுத்தார்கள். எல்லா வீட்டிலும் டை இருந்தது. சுரங்கத்தை மூடிய பிறகு தங்கவயலிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்தில், “எங்கப்பாவும் தமிழ் மீடியந்தான் டீச்சர், நானும் தமிழ் மீடியந்தான், இன்னாத்த கண்டோம்” என்று சிரித்தார் ஒருவர். டீச்சர் அவரோடு வாதம் செய்யவில்லை.

ஜூன் பதினைந்து, வெள்ளிக்கிழமை. நானும் போயிருந்தேன். அதிகாரி பத்தரை மணிக்கு வந்தார். முந்தின நாள் பால்ராஜ் சார், பக்கத்து பாலர் வகுப்பிலிருந்து ஆறு குழந்தைகளைக் கொண்டுவந்து உட்கார வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். டீச்சரும் ஒத்துக்கொண்டார், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் குழந்தைகள் அம்மாவை விட்டதும் அழுது, ஒன்று பெஞ்சிலேயே மூத்திரம் போய், எல்லாவற்றையும் ஒன்பதே முக்காலுக்கே திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று.

அதிகாரி நல்ல மனிதர். விரலால் தொட்டுத் தொட்டுக் கன்னடத்தில் எண்ணினார். ஒந்து, எரடு, மூரு. ஒம்பத்து, ஒன்பது, என்று நின்றார். இன்னொருமுறை, நிதானமாக, முதலிலிருந்து எண்ணினார். சுவரில் டீச்சரின் சான்றிதழைப் பால்ராஜ் சார் மாட்டியிருந்தார். அதையும் அருகில் போய்ப் படித்தார்.

“ஏன் மாடோது மேடம்” என்றார், என்ன செய்வது என்ற முகத்தோடு.

டீச்சர் பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். தனலக்ஷ்மி வெளியே போய் அழுதாள். போகும்போது, “எந்த வீடு எப்போ திரும்பி வரும்னு ஒரு வார்த்த எழுதிக் குடுத்திருக்கலாம்ல க்கா” என்று கேட்டாள். அடுத்த வாரம் டீச்சர் ஒன்பது பிள்ளைகளுக்கும், மேல் வகுப்புகளில் இருந்தவர்களுக்கும் டி.சி. எழுதினார். அதைப் பேனாவில்தான் எழுத வேண்டும்.

இன்னும் நிரந்தரமாகாத தனலக்ஷ்மிக்கு வேலை போயிற்று. பிரிசில்லா டீச்சரை ‘எக்ஸஸ்’, அதாவது உபரி ஆசிரியர், என்று கல்வி அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். வேறு பள்ளி கிடைக்கும்வரை தபால் பதியும் வேலை. ஜூலையில், மறுபடி ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முன், அவரைப் பார்க்கப் போனேன். என் மொழிபெயர்ப்பு தட்டச்சாகி வந்திருந்தது. மின்விசிறிக்கு அடியில் தாள் பறக்காமல் கையை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் படித்தார். ஓரிடத்தில் பென்சிலை எடுத்தார்.

“இது இருபத்தெட்டு இல்லம்மா. இருபத்திரண்டு. பெயிண்டர் வீடு.”

திருத்திக் கொடுத்தார். பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து நோட்டை எடுத்தார்.

“இது சார்கிட்டயே இருக்கட்டும். எனக்கு இனிமே எதுக்கு?”

“வேற ஸ்கூல் வரும்ல மிஸ்.”

“கன்னட ஸ்கூல்தான் வரும். அங்க எனக்கு அட்டெண்டன்ஸ் மட்டும் குடுப்பாங்க.” பக்கத்து மேஜைக்காரர் ஏதோ தபாலைக் கேட்டார். “பந்தே, பந்தே” என்று, வந்துவிட்டேன் என்பதைக் கன்னடத்தில் சொல்லிக்கொண்டே டீச்சர் எழுந்து போனார்.

நோட்டைப் பல்கலைக்கழகத்தில் கொடுத்தேன். பேராசிரியருக்கு மகிழ்ச்சி. நூலகர் முத்திரை குத்தி, எண் போட்டு, அட்டை எழுத உட்கார்ந்தார். எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை என்று கேட்டார். 1983-இலிருந்து 2001 வரை என்றேன். அவர் கடைசிப் பக்கத்தைப் புரட்டிச் சரிபார்த்தார்.

“இங்க 2007-ன்னு ஒண்ணு இருக்கே?”

“அதை எழுத வேண்டாம்” என்றேன்.