ஊமல் கரிக்கு மழைத்தண்ணீர்

"வன்னியில் கரி சுடலாம், பற்றரி செய்ய முடியாது" என்று கொழும்பில் ஒருவர் என் முகத்துக்கு நேரே சொன்னார். அந்தக் கோபத்தில் கிளம்பிய பயணம் இது. போன மாசி மாதம், ஒரு சனிக்கிழமை.

வவுனியாவில் காலை 5.40க்கு பஸ் ஏறி, பரந்தன் சந்தியில் எட்டு மணிக்கு இறங்கினேன். கட்டணம் 420 ரூபா. யன்னல் ஆசனம், திறக்காத யன்னல். அங்கிருந்து உடையார்கட்டுக்கு ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர். பொறுமையில்லாமல் 3,500 ரூபாவுக்கு ஓட்டோ பிடித்தேன். போகிற காரணத்தைக் கேட்ட சாரதிக்கு ஒரே சிரிப்பு.

"ஊமல் கரியிலை பற்றரியோ? அது இஸ்திரிப் பெட்டிக்குப் போடுறதெல்லோ, தங்கச்சி!"

பனங்கிழங்கு கிண்டியபின் மிஞ்சுகிற வெறும் கொட்டைதான் ஊமல். உடையார்கட்டில் இருக்கும் இரசாயனப் பட்டதாரி தயாளினி அதைக் காற்றுப் புகாத உலையில் கரியாக்கி, அரைத்து, கழுவி, மறுபடி கடும் சூட்டில் வைத்து எடுக்கிறார். சோடியம் பற்றரியின் ஒரு முனைக்கு அந்தத் தூள். மின்னேற்றும்போது சோடியம் வந்து தங்குவது அதற்குள்தான்.

முதல் மாதிரி படுத்துவிட்டது. அதை வாங்கிச் சோதித்த பற்றரிக் கம்பனி, "கரி வேண்டாம், ஊமலைச் சாக்கில் தாருங்கள்" என்றது. வன்னியில் எதைக் கழுவவும் கிணற்றடிக்குத்தானே போவோம்? அவரும் போயிருக்கிறார். தேநீர்க் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிற அதே சுண்ணாம்பு கரியிலும் படிந்துவிட்டது. பிறகு மாரி மழையைத் தொட்டியில் பிடித்துக் கழுவி, கிளிநொச்சியில் ஓர் ஆய்வுகூடத்துக்குக் கொடுத்திருந்தார். அன்றைக்குத்தான் முடிவு வரவேண்டும்.

அதற்குமுன், 10.15க்கு, கம்பனி லொறி வந்து நின்றது. அந்தப் பருவத்து ஊமல் முழுவதும் முற்றத்தில் குவிந்து கிடந்தது. ஏற்றிவிட்டால் அடுத்த மாசிவரை அவருக்கு வேலையில்லை. ஏற்றாமல் விட்டு, கரியும் பிழையாகிப்போனால் அவ்வளவும் அடுப்பு விறகு.

"ரிசல்ட் வந்தாப் பிறகு சொல்லுங்கோவன்" என்றேன், தொடைநடுங்கியான நான்.

"பிழைச்சால் திருப்பிக் கழுவுவன். ஊமலைக் குடுத்திட்டு எதைக் கழுவுறது?" என்றவர் லொறிக்காரரிடம் திரும்பினார். "அண்ணை, நீங்கள் வெறும் லொறியோடை போங்கோ. கரி வேணுமெண்டால் வரச் சொல்லுங்கோ."

லொறி போனது. எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

11.50க்கு தொலைபேசி வந்தது. நூறு தடவை மின்னேற்றி இறக்கியும் அந்தக் கரியில் செய்த சட்டைப் பொத்தான் அளவுப் பற்றரி தளரவில்லையாம். "ஓம், ஓம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஊமலை உலைக்கு அள்ளத் தொடங்கினார் தயாளினி. எங்கள் மண்ணில் மூலப்பொருள் விளையும், மூளை வேறெங்கோ விளையும் என்ற கதையை இனி என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

போகிறவர்களுக்கு: காலையிலேயே கிளம்புங்கள், மதியத்துக்குப் பின் பஸ் குறைவு. வெள்ளைச் சட்டை போடாதீர்கள், நான் பட்ட பாடு போதும். கை கழுவக் கிணறு இருக்கிறது. தொட்டித் தண்ணீரைத் தொடாதீர்கள். வெறும் சாக்கோடு மட்டும் போகாதீர்கள்.