மூணு சாயாக் காசு

அண்ணாவின் வண்டியைப் பார்த்த எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். ஒரு ராத்திரி சார்ஜ் போட எவ்வளவு ஆகும்? மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்துக்காரர்கள் கேட்டார்கள். செம்பூரில் அவன் ஆபீஸ் வாசலில் நின்ற கூர்க்கா கேட்டார். சயான் சாலையில் பக்கத்தில் வந்து நிற்கும் டாக்சிக்காரர்கள் கேட்டார்கள். அண்ணா எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னான்: மூணு சாயாக் காசு. கணக்கு சரிதான். மீட்டரைப் பார்த்து நானே ஒரு மாதம் சரிபார்த்திருக்கிறேன்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் அண்ணாவின் இரண்டு கால்களும் போய்விட்டன. செம்பூரில் ஒரு கம்பெனியில் அவனுக்குக் கணக்கு எழுதும் வேலை. ரயிலில் போவதென்றால் குர்லாவில் பாலம் ஏறி இறங்கி வண்டி மாற வேண்டும். அப்பா இருந்தவரை அவனைத் தூக்கிக்கொண்டு போனார். அப்பா போன பிறகு, கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியில் போய் வந்தான். சில வருஷங்களில் தோள்கள் இரண்டும் வீங்கிவிட்டன. இப்படியே போனால் கையும் போய்விடும் என்று டாக்டர் சொன்னார்.

தாராவியில் லேத் பட்டறை வைத்திருந்த திருநெல்வேலிக்காரர் ஒருவர் அந்த வண்டியை மாற்றிக் கொடுத்தார். ஆலைகளில் சாமான் இழுக்கும் பாட்டரி வண்டியின் மோட்டார் ஒன்று அவருக்குப் பழைய இரும்பில் கிடைத்திருந்தது. அதைப் பின்சக்கரத்தோடு சங்கிலி போட்டு இணைத்தார். இருக்கைக்கு அடியில் இரண்டு லாரி பாட்டரிகள், மேலே தகரக் கூரை, முன்னால் கண்ணாடி. வேகமாக நடப்பவனைத் தாண்டும், சைக்கிளைத் தாண்டாது. எங்கள் கட்டடத்தில் அதைக் கார் என்றார்கள், பாதி கேலியாக. அங்கே வேறு யாரிடமும் கார் இல்லை.

இருபத்தெட்டு வயதில் அண்ணா முதல் முறையாக, யாரும் தூக்காமல் யாரும் தள்ளாமல், ஓர் இடத்துக்குப் போய்த் திரும்பி வந்தான். வேலை முடிந்து நேரே வீட்டுக்கு வராமல் சுற்றவும் ஆரம்பித்தான். எங்கே போனாய் என்று அம்மா கேட்டால், எங்கேயும் இல்லை என்பான். அப்படிச் சொல்ல அவனுக்கு அதுவரை வாய்ப்பே இருந்ததில்லை.

வண்டிக்கு ராத்திரி முழுக்க சார்ஜ் ஏற வேண்டும். எங்கள் வீடு தரைத்தளம். பின்னால் ஒரு வராந்தா, எங்களுக்கும் எதிர்வீட்டு மாமிக்கும் பொது. சந்து வழியாக வண்டியை அங்கே கொண்டுவந்து நிறுத்தி, சார்ஜர் பெட்டியை மாட்டி, பாட்டரி மூடிகளைத் திறந்து வைத்துவிட்டுப் படுப்போம். காதை வைத்துக் கேட்டால் உள்ளே சோடா பொங்குகிற மாதிரி ஒரு சத்தம் வரும்.

வண்டிக்கு நேர் மேலே இரண்டு மூங்கில் கொடிகள் தொங்கின. ஒன்று அம்மாவுடையது, மற்றது மாமியுடையது. விடிந்ததும் மடியாக உடுத்திக்கொள்ள வேண்டிய புடவையை ராத்திரியே நனைத்து, கோலால் தூக்கிக் கொடியில் போடுவார்கள். குளிக்காத யாரும் தொட மாட்டோம். இருவரும் பாலக்காட்டுப் பக்கத்துக்காரர்கள், ஒரே வருஷம் பம்பாய்க்கு வந்தவர்கள். காப்பிப் பொடி தீர்ந்தால் கேட்காமலே எடுத்துக்கொள்கிற பழக்கம்.

மழை விட்டுக் கொஞ்ச நாளில் மாமி ஒரு ஒன்பது கஜத்தை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அதைத் தரையில் விரித்தாள். நூல் புடவை. துணி முழுக்கக் கடுகு சைஸில் ஓட்டைகள். மாமி முதலில் பூச்சி என்று நினைத்திருக்கிறாள். பிறகு கரப்பான். அப்புறம் வண்ணான். ஆனால் மடிப் புடவை வண்ணானிடம் போவதில்லை. பாட்டரியிலிருந்து கிளம்பும் ஆசிட் ஆவி நூலில் படிந்தால் உடனே ஒன்றும் தெரியாது. நனைத்துப் பிழியும்போதுதான் நூல் விட்டுக்கொடுக்கும். அதை அவளிடம் சொன்னவன் அண்ணாதான். தொட்டால் மடி போய்விடும் என்று எல்லோரும் எட்ட நின்ற துணியை, ஆவி தினமும் ராத்திரி தொட்டுக்கொண்டிருந்தது.

மாமி கோபப்படவில்லை. புடவைக்குப் பணம் தருவதாக அண்ணா சொன்னதற்கு, அசடு மாதிரிப் பேசாதே என்றாள். கொடியை மாற்றலாமா, வண்டியை மாற்றலாமா என்று நாலு பேரும் யோசித்தோம். வாசல் பக்கம் கொடி கட்டினால் தெருவில் போகிற எல்லோர் கையும் படும், வண்டியை விட்டால் ராத்திரியில் பாட்டரி களவு போகும். சமையலறைக்குள் புகை. மாடிப்படிக்குக் கீழே வண்டியை விடலாம், ஆனால் அது மரப்படி. அங்கே ஒரு பொறி பட்டால் கட்டடமே போய்விடும் என்று வீட்டுச் சொந்தக்காரர் மறுத்துவிட்டார்.

பேச்சு அதுவரை நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மாமியைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு அம்மா உள்ளே போய்த் தன் மடிப் புடவைகள் இரண்டை எடுத்துவந்து பக்கத்தில் விரித்தாள். அவற்றில் ஓட்டைகள் இன்னும் அதிகம். சில இடங்களில் அதே நிற நூலால் தைத்திருந்தாள். கொசுவத்துக்குள் மறைகிற மாதிரி கட்டிக்கொண்டிருக்கிறாள். எங்கள் யாருக்கும் தெரியாது.

“உங்களுக்கு மட்டும்னு நினைச்சுக்காதீங்கோ. எனக்கு ஆடியிலேந்தே இப்படித்தான்,” என்றாள் அம்மா.

மாமி இரண்டு புடவைகளையும் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

“ஆடியிலேந்து தெரியுமா? தெரிஞ்சுண்டா என் புடவைக்குக் கீழ கொண்டுவந்து வெச்சேள்?”

மாமி தன் புடவையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனாள். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. கதவைச் சாத்தினாள் என்று சொல்ல முடியாது, கதவு வழக்கம்போலத் திறந்துதான் இருந்தது.

மறுநாள் நானும் அண்ணாவுடன் தாராவிக்குப் போனேன். மூடியைப் போட்டுக்கொண்டு சார்ஜ் செய்ய முடியாதா என்று அண்ணா கேட்டான். பட்டறைக்காரர் சிரித்தார்.

“அது மூச்சு விடணும்லா சாமி. மூடிப் போட்டீருன்னா வெடிச்சிரும். வண்டிய ராத்திரி இங்கன விட்டிரும். என் லேத்து மீட்டர்ல உமக்கு இன்னும் சல்லிசாவும். ஆனா நீரு எப்படி வீட்டுக்குப் போவீரு?”

அண்ணா பட்டறையைச் சுற்றிப் பார்த்தான். பக்கத்தில் ஒட்டினாற்போல ஓர் அறை, பழைய டயர்கள் அடுக்கியிருந்தது.

“அந்த ரூம் வாடகைக்குக் கிடைக்குமா அண்ணாச்சி?”

அவர் விளையாட்டு என்று நினைத்தார். ஐயமார் வீட்டுப் பிள்ளை, தோல் பதனிடுகிற நாற்றத்தில் ஒரு ராத்திரி தாங்காது என்றார். அண்ணா வாடகை எவ்வளவு என்று மறுபடி கேட்டான்.

வீட்டில் அம்மா இரண்டு நாள் அழுதாள். மாமி காலில் விழுகிறேன் என்றாள். வேலையை விட்டுவிடு, நான் அப்பளம் இட்டுக் காப்பாற்றுகிறேன் என்றாள். அண்ணா குரலை உயர்த்தவே இல்லை.

“வண்டி எங்க தூங்கறதோ அங்கதான் நான் தூங்க முடியும் அம்மா. இல்லேன்னா மறுபடி யாராவது என்னைத் தூக்கணும்.”

துணிகள், ஒரு ஸ்டவ், சார்ஜர் பெட்டி மூன்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட வருவான். வண்டி வாசலில் நிற்கும். மாமி அதைத் தாண்டித்தான் கோவிலுக்குப் போவாள். ஒருமுறை கூரையில் விழுந்திருந்த வேப்பிலைகளைத் தட்டிவிட்டுப் போனதைப் பார்த்தேன். அண்ணா தாராவியில் எப்படியிருக்கிறான் என்று அம்மா ஒருபோதும் கேட்கவில்லை. நான் போய்ப் பார்த்தேன். பட்டறைப் பையன்கள் அவனைக் கணக்குச் சாமி என்று கூப்பிட்டார்கள். அறை சுத்தமாக இருந்தது. ராத்திரி அந்தப் பொங்கும் சத்தம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்கும் என்றான். தூக்கம் வருகிறதா என்று கேட்டதற்கு, மாட்டுங்காவில் வந்த அளவுக்கு வருகிறது என்றான்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு. பாட்டரிகள் அதற்குள் பழசாகிவிட்டிருந்தன. கிங் சர்க்கிளில் தண்ணீர் நின்றதால் அண்ணா பெரிய சுற்றுச் சுற்றி வந்து சேர்ந்தான். சாயங்காலம் கிளம்பினான். சார்ஜ் தீர்ந்து, தெரு முனை வரைகூட வண்டி போகவில்லை. நானும் மாடிப் பையன்களும் தள்ளிக்கொண்டு வந்து, மழைக்கு ஒதுங்கட்டும் என்று பழைய இடத்தில், பின்வராந்தாவில் நிறுத்தினோம். மேலே கொடியில் மாமியின் புடவை ஈரமாகத் தொங்கியது.

மாமி வெளியே வந்தாள். வண்டியைப் பார்த்தாள். உள்ளே போய்க் கோலை எடுத்துவந்து, புடவையைக் கொடியிலிருந்து தூக்கி, தன் மேல் படாமல் உள்ளே கொண்டுபோனாள். சமையலறைப் புகையில் அதைப் போட்டுவிட்டு வந்து என்னிடம் சொன்னாள், அம்மாவிடம் இல்லை.

“போடச் சொல்லு. ஒரு ராத்திரிதானே.”

அம்மா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அண்ணாதான் சொல்ல வேண்டியிருந்தது.

“சார்ஜர் பெட்டி தாராவியில இருக்கு மாமி.”

மாமி தலையை ஆட்டினாள். பிறகு போனாள். அன்று ராத்திரி அண்ணா எங்கள் வீட்டில் தூங்கினான். அம்மா அவனுக்குப் பிடித்த கீரை மொளகூட்டல் செய்தாள். அவன் கொஞ்சம்தான் சாப்பிட்டான். மறுநாள் ஆபீஸ் இருந்தது.

காலையில் மார்க்கெட் பக்கம் போய், வண்டியைத் தாராவிக்கு இழுத்துப்போக ஒரு கைவண்டிக்காரரைக் கூட்டிவந்தேன். அவர் கேட்ட கூலி, வீட்டில் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் பத்து நாள் கரண்டுக்கு ஆனதைவிட அதிகம். அண்ணாவின் வண்டியைத் தன் கைவண்டிக்குப் பின்னால் கயிற்றால் கட்டினார். ஹாண்டிலைப் பிடிக்க யாராவது உட்கார வேண்டும், இல்லாவிட்டால் முன்சக்கரம் திரும்பிக்கொள்ளும். அண்ணா ஏறி உட்கார்ந்தான். ஆபீஸுக்குப் போட்டுக்கொள்கிற சட்டை, பையில் டிபன் டப்பா. ஜன்னல்களில் ஆட்கள் நின்றார்கள்.

கைவண்டிக்காரர் கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, பம்பாய் ஹிந்தியில், இதுக்கு ஒரு ராத்திரி எவ்வளவு ஆகும் என்று கேட்டார்.

“தீன் சாய்,” என்றான் அண்ணா.

அவர் சிரித்தார். மூணு சாயாதான் என்றால் நான் எதற்கு இழுக்கிறேன் என்றார். அண்ணா ஹாண்டிலை இரண்டு கையாலும் நேராகப் பிடித்துக்கொண்டான். தெருவில் திரும்புகிற வரைக்கும் அது கொஞ்சமும் ஆடவில்லை.