குழவிக்கல்லுக்குப் பட்டாபிஷேகம்

எதைப் பார்த்தாலும் எண்ணிவிடுவது என் பழக்கம். பந்தியில் உட்கார்ந்தால் இலைகளை எண்ணிவிட்டுத்தான் சாப்பிடுவேன். அதனால் ராஜபாளையத்தில் எங்கள் வாசகசாலையில் எத்தனை பெஞ்சு இருந்தது என்று இன்றைக்கும் சொல்ல முடியும். ஆறு. ஒன்றுக்குக் கால் ஆடும். யுத்தம் நடந்த வருஷங்களில் மாலைதோறும் அங்கே பத்திரிகையை உரக்கப் படிப்பது என் வேலை. மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டுக் காலம் என்பதால் இருட்டுவதற்குள் முடிக்க வேண்டுமே என்று வேகவேகமாகப் படிப்பேன்.

பர்மாவில் குண்டு விழுந்ததும் காடும் மலையுமாக நடந்து வந்தவர்களில் நான்கு குடும்பங்கள் எங்கள் ஊரில் பஞ்சு மூட்டை அடுக்கும் கிட்டங்கி ஒன்றில் ஒதுங்கியிருந்தன. புதுப் பஞ்சு வந்ததும் அவர்கள் வெளியேற வேண்டும். ஆனால் வீடு கொடுக்க ஆள் இல்லை. பர்மாக்காரர்கள் சீக்கைக் கொண்டுவந்திருப்பதாக ஊரெல்லாம் பேச்சு. வாசகசாலைக்கு எதிரிலேயே ஒரு வீடு பூட்டிக் கிடந்தது. அதன் சொந்தக்காரர் ஒரு பஞ்சுத் தரகர். தினமும் முதல் ஆளாக வந்து ஆடாத பெஞ்சில் உட்காருகிறவர். வீடு கேட்டுப் போனவர்களை அவர் திண்டாட விடவில்லை. உடனே இல்லை என்று சொல்லிவிட்டார்.

அப்படிக் கேட்டவர்களில் ஒருவர், ரங்கூனில் தையல்கடை வைத்திருந்தவரின் மனைவி. அந்த அம்மாளின் தகப்பனாருக்குச் சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். முதலில் அங்கேதான் போயிருக்கிறார். சித்தப்பா வீட்டில் வாசலிலேயே நிறுத்தி, ஒரு பொட்டலம் பால்கோவாவைக் கையில் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டார்களாம். இதைச் சொல்லிவிட்டு, "பால்கோவா நல்லாத்தான் இருந்துச்சு தம்பி, அதையும் சொல்லணும்லா" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் எனக்குத் தலைகால் புரியாமல் போயிற்று. இவர் கதையை எழுதி ஊருக்கே படித்துக் காட்ட வேண்டும். எழுதினேன். முதலில் அவருக்குப் படித்தேன். கேட்கிறவர்கள் உருக வேண்டும் என்று பதினேழு இடத்தில் 'ஐயகோ' போட்டிருந்தேன்.

"இந்தப் பொம்பள யாரு?" என்று கேட்டார்.

"நீங்கதான்க்கா."

"நான் எதுக்கு இம்புட்டு அழுதேன்? மல ஏறுறவளுக்கு மூச்சு வாங்கவே நேரம் பத்தாது. குழவியைக் காணோமே, அத எங்க விட்டீக?"

தையல் மிஷினை ஓர் ஆற்றங்கரையில் போட்டுவிட்டு வந்த அந்தத் தம்பதி, அம்மிக்குழவியைச் சுமந்து வந்திருந்தார்கள். அம்மி ரங்கூனில் இருக்க, குழவி மட்டும் ராஜபாளையத்தில். அது மாமியாரின் குழவி. மாமியார் வழியிலேயே காய்ச்சலில் இறந்துபோனார். அவரை மூடிய மண்ணை அந்தக் குழவியால்தான் தட்டிக் கெட்டிப்படுத்தினார்களாம். "அதையும் போட்டுட்டு வந்தா எங்க மாமியா எந்திரிச்சு வந்து சண்ட போடுவா" என்றார்.

ஐயகோக்களை அடித்துவிட்டு, அவர் சொன்னபடியே எழுதினேன். யுத்தச் செய்தி முடிந்ததும் தினம் கொஞ்சம் படித்தேன். முதல் நாள் கேட்டவர்கள் பத்தொன்பது பேர். நாலாம் நாள் ஜன்னலிலும் தலைகள்; எண்ண விடாமல் ஆடின. குழவியை யார் தூக்குவது என்று புருஷனும் பெண்டாட்டியும் மலை உச்சியில் சண்டை போட்ட கட்டத்தில் ஜனங்கள் சிரித்த சிரிப்பில், கால் ஆடிய பெஞ்சு ஏழு பேரோடு உட்கார்ந்துவிட்டது. அதற்குப் பிறகு ஐந்து பெஞ்சு.

"ஏலே தம்பி, எந்தக் கிறுக்கியாவது கல்லைச் சொமப்பாளா? கத விடுத" என்றார் தரகர். மறுநாள் நான் வாசகசாலைப் பூட்டைத் திறக்கும் முன்பே வந்து நின்றார். "குழவி ஆத்தத் தாண்டிருச்சா?"

மாமியாரைப் புதைத்த நாளில் மட்டும் சிரிப்பில்லை. தரகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி துடைத்தார். மூன்று தடவை.

கதை எங்கள் ஊர்க் கிட்டங்கிக்கு வந்து சேர்ந்தது. காகிதத்தை மடித்து வைத்தேன். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் புராணம் வாசிக்கத் தொடங்கினால் பட்டாபிஷேகம் வரைக்கும் வாசித்து, பிரசாதம் கொடுத்துத்தான் முடிக்க வேண்டும். காட்டில் இருப்பவர்களைக் காட்டிலேயே விட்டுவிட்டு ஏட்டை மூடினால் மழை பெய்யாது என்பார்கள்.

"என்னப்பா நிறுத்திட்ட? பட்டாபிஷேகம் எங்க?" என்றார் தரகர்.

"நடந்த கத அண்ணாச்சி. இதுக்கு மேல ஒண்ணும் நடக்கல."

"அதுக்காக? எழுதுறவன் நீதான. ஒரு வீட்டக் குடுத்து முடிச்சு விடு."

"எந்த வீட்டக் குடுக்க?"

நான் எதையும் காட்டவில்லை. கயிற்றுக்கடை ராவுத்தர்தான் மெதுவாக, "எதுத்தாப்புல ஒண்ணு பூட்டிக் கெடக்கே" என்றார். முப்பத்தெட்டுத் தலைகள் தெருப் பக்கம் திரும்பின.

"அது வந்து... சீக்கு கீக்குன்னு..." என்று தரகர் இழுத்தார்.

ஜன்னலோரம் பெண்களோடு நின்றிருந்த அந்த அம்மாள் பேசினார். "அம்புட்டு மலையும் எங்ககூடவேதான அண்ணாச்சி நடந்து வந்தீக? ஒங்களுக்கு என்ன ஒட்டிருச்சு?"

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. நான் மற்ற பெஞ்சுகளின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் தரகரும் சிரித்துவிட்டார். "வாடக உண்டு, பாத்துக்க. அந்தக் கல்ல எடுத்துட்டு வா, நானும் பாக்கணும்."

வெள்ளிக்கிழமை குடிபோனார்கள். தரகர் தம் செலவில் புது அம்மி ஒன்றை வண்டியில் அனுப்பியிருந்தார். ரங்கூன் குழவியை அதில் வைத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் இரண்டு விரற்கடை நீட்டிக்கொண்டு நின்றது.

"எங்க மாமியாளும் இப்படித்தான், எதுலயும் அடங்க மாட்டா" என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மாள் மிளகாய் அரைக்க உட்கார்ந்தார்.

பிரசாதமாக ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பால்கோவா வருவித்திருந்தேன். ஆளுக்கு ஓர் உருண்டை என்று கணக்கிட்டு ஐம்பது. வந்தவர்கள் எழுபதுக்கு மேல். பாதி பாதியாகக் கிள்ளிக் கொடுக்கும் பதற்றத்தில் இருந்தபோது, அவர் அம்மியிலிருந்து நிமிராமலே, "கிட்டங்கியில இன்னும் மூணு குடும்பம் இருக்கு தம்பி. மூணு பேருகிட்டயும் கத இருக்கு" என்றார்.

தரகர் வாயில் பால்கோவாவோடு என்னைப் பார்த்தார். அந்தத் தெருவில் அவருக்கு வேறு வீடு கிடையாது. ஆனால் அவருடைய மைத்துனருக்கு இருந்தது.

மறுநாள் காலையில், உடைந்த பெஞ்சுக்குக் கால் போட ஆசாரியைக் கூட்டிவந்தேன்.