மாமாவின் ஒருபக்க பிளேடு

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஞாயிற்றுக்கிழமைகளில் சவரம் செய்துகொள்வதைப் பார்ப்பதற்காகவே நான் எண்ணெய்க் குளியலிலிருந்து தப்பி ஓடியிருக்கிறேன். அவருக்கு வாலாஜாபாத்தில் அரிசி மில் வேலை. வீடு காஞ்சிபுரத்தில், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி. வேலை விட்டு வரும் வழியில் காயலான் கடையில் நுழைந்தாரென்றால் பழைய ரேசர் ஒன்றோடுதான் வெளியே வருவார். எல்லாம் ஒருபக்க பிளேடு போடுகிற ரகம். அந்த பிளேடுக்கு ஒரு விளிம்பில்தான் கூர். மறு விளிம்பு தடித்த தகடு. எல்லாக் கடையிலும் கிடைக்கிற இருபக்க பிளேடு அவற்றில் உட்காராது.

பிஸ்கட் டின்னில் பதினொரு ரேசர்கள் துணிமெத்தையில் படுத்திருக்கும். ஒன்றின் தலை பெட்டிபோலத் திறக்கும். ஒன்றின் கைப்பிடியில் கொடி செதுக்கியிருக்கும். வாரத்துக்கு ஒன்றாக முறைவைத்து எடுப்பார். வழித்ததும் கன்னத்தை என்னிடம் நீட்டுவார். நான் தடவிப் பார்த்து, "பட்டு" என்றால் தேறியது. "நூல்" என்றால் மறுபடியும் நுரை. அந்த டின் இப்போது என் அலமாரியில் இருக்கிறது.

எனக்கு எட்டு வயதானபோது, கல்யாணமாகி ஆறாண்டு கழித்து, அத்தை உண்டானாள். உண்டானவளின் கணவன் பிள்ளை பிறக்கும்வரை முகத்தில் கத்தி வைக்கக் கூடாது என்பது எங்கள் வீடுகளின் வழக்கம். மாமா டின்னைப் பரண்மேல் ஏற்றினார். பட்டு நெய்துகொண்டிருந்த அத்தை தறிக்குழியில் இறங்குவதை நிறுத்தினாள். தாடி வளர்ந்தது, தெரு அதைப் பார்த்தே மாதம் கணக்கிட்டது.

"இன்னாப்பா, அஞ்சாம் மாசம் பொறந்துடுச்சாட்டம் கீதே?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டால், மாமா தாடியை நீவிக்கொண்டு வெட்கப்படுவார்.

ஏன் வழிப்பதில்லை என்று நச்சரித்த எனக்கு அம்மா சுருக்கமாக முடித்தாள்: "பிளேடு தீந்துடுச்சுமா."

நான் நம்பினேன். சேர்த்துவைத்திருந்த சிறுவர் பத்திரிகைகள் அத்தனையையும் கட்டித் தூக்கிக்கொண்டு காயலான் கடைக்குப் போனேன்.

"இன்னா பாப்பா, மீச மொளச்சிக்கினு வருதா?" என்றார் கடைக்கார பாய்.

"எனக்கில்ல பாய், மாமாக்கு."

அவர் சிரித்துச் சிரித்து இருமினார். எண்ணெய்க் காகிதப் பொட்டலம் ஒன்றைத் தேடியெடுத்துக் கொடுத்து, "நான் குடுத்தேன்னு சொல்லிடாத, உங்க வூட்ல ஒதிப்பாங்க" என்றார்.

மாமா பொட்டலத்தைப் பிரித்து வெகுநேரம் பார்த்தார். "எங்கேம்மா புட்ச்ச இத? இப்ப வாணாம். ஒரு நாலு மாசம் போவட்டும்."

நான் அழுதேன். பத்திரிகைகளும் போயின, கன்னமும் கிடைக்கவில்லை.

பத்து நாள் கழிந்திருக்கும். பள்ளி விட்டு வந்தபோது மாமா கிணற்றடிச் சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடியை மாட்டி, வழித்துக்கொண்டு நின்றார். அன்று செவ்வாய்க்கிழமை, அவர் கத்தி எடுக்கவே எடுக்காத நாள். துவைக்கும் கல்லின்மேல் என் பொட்டலம் பிரிந்து கிடந்தது. அத்தை காலையில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்தாள். ஐந்து மாதம் சுமந்தது தங்கவில்லை. தாடியோடு தெருவில் இறங்கினால் எத்தனையாவது மாதம் என்று வழியெல்லாம் கேட்பார்கள். இதையெல்லாம் இப்போது அறிந்து எழுதுகிறேன். அன்று நான் அறிந்தது என் பிளேடு ஜெயித்துவிட்டது என்பது மட்டுமே.

கன்னத்தில் இரண்டு இடங்களில் ரத்தம் கசிந்தது. அவர் நீட்டாமலேயே எட்டித் தடவி, "பட்டு மாமா!" என்று கத்தினேன். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

உள்ளே ஓடினேன். அத்தை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"அத்த, மாமா ஷேவ் பண்ணிக்கினாரு! என் பிளேடுதான்!"

அவள் திரும்பாமலேயே, "நல்லா இருக்குதாமா?" என்று கேட்டாள்.

"சூப்பரா இருக்குது" என்றேன்.

அதன் பிறகு எத்தனையோ ஞாயிறுகள் வந்தன. பதினொரு ரேசர்கள் பதினேழாயின. மாமா மறுபடி ஒருபோதும் தாடி வளர்க்கவில்லை. நான் கொண்டுவந்து கொடுத்த பிளேடு அவருக்கு அவ்வளவு பிடித்துப்போய்விட்டது என்றே வெகுகாலம் எண்ணிக்கொண்டிருந்தேன்.