முருங்கன் வரைக்கும் மாஸ்ரருக்கு

சலீம் நானா காலமான செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் பெனடிக்ற். பாடசாலை வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தியவர் இறங்கவில்லை; தலைக்கவசத்தையும் கழற்றவில்லை. காவலாளி வந்து என்னை வகுப்பிலிருந்து கூட்டிப்போனார்.

"நானா மௌத்தாப் போட்டார், மாஸ்ரர். விடியப்புறம், கொழும்பில. மஃரிப் தொழுகைக்குப் பிறகு அடக்கமாம்."

பேசாலையில் பிறந்து, மாதா கோயில் பாடகர் குழுவில் வளர்ந்த ஒருவரின் வாயில் அந்தச் சொற்கள் இயல்பாக வந்தன. கவசத்தின் கண்ணாடிக்குப் பின்னால் அவருடைய முகம் எனக்குத் தெரியவில்லை. "ஏறுங்கோ" என்றார். ஏறினேன்.

மன்னார் நகரில் சைக்கிள் உதிரிப்பாகங்களும் மின்சாரச் சாமான்களும் விற்ற சலீம் நானாவை இதை வாசிக்கும் உங்களில் பலருக்குத் தெரியும். அன்று மாலை அடக்கத்துக்கு வந்து பேசியவர்கள் பள்ளிவாசலுக்கு அவர் செய்த உதவிகளைச் சொன்னார்கள், மீளக்குடியேறிய சனத்துக்குச் செய்ததைச் சொன்னார்கள். எல்லாம் உண்மை. ஆனால் கடையின் மேல்மாடியில் அவர் ஒரு சின்ன ரயில் பாதை வைத்திருந்ததை ஒருவரும் சொல்லவில்லை. வளர்ந்த மனிதர்கள் பேசக்கூடிய விஷயமாக அது அவர்களுக்குத் தோன்றியிருக்காது. எனக்கு அந்த மனிதரை அந்த மேல்மாடியில்தான் தெரியும். அதனால் நான் அதைச் சொல்கிறேன்.

அவரிடம் நான் முதலில் போனது சண்டை பிடிக்க. வாங்கிய மின்மாற்றி ஒரு கிழமையில் எரிந்துவிட்டது. மேசையில் அதைத் தூக்கிப் போட்டேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார்.

"என்னத்துக்குப் பாவிச்சனீங்கள்?"

"மகன்ர விஞ்ஞானச் செய்முறைக்கு."

"மகன் என்ன செய்முறை செய்யிறார், மாஸ்ரர்? கோச்சி ஓட்டுறாரோ?"

நான் மின்மாற்றியைத் திரும்ப எடுக்கக் கை நீட்டினேன். எங்கள் ஊரில் மீசை நரைத்த ஒருவன் பொம்மை ரயில் ஓட்டுகிறான் என்று தெரிந்தால் பிறகு அவன் எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்க முடியாது. நானா கடைக்குள் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "என்னட்டையும் ஒண்டு இருக்கு. மேல வாங்கோ, காட்டுறன். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

டோகாவில் வேலை செய்த காலத்தில் வாங்கிய இயந்திரம் அது. சைக்கிள் ரியூப் பெட்டிகளுக்கு நடுவில் ஒரு சின்ன வட்டத்தில் ஓடியது. நாங்கள் இருவரும் குந்தியிருந்து பார்த்தோம். கீழேயிருந்து தேத்தண்ணி வந்தது. மின்மாற்றியைப் பற்றி இருவருமே மறந்துபோனோம்.

பெனடிக்ற் வந்து சேர்ந்தது இன்னும் எளிது. பேசாலையில் படகு இயந்திரங்கள் திருத்துகிறவர். வயர் வாங்க வந்த இடத்தில் மேலே சத்தம் கேட்டு, ஒருவரும் கூப்பிடாமலே படியேறி வந்தார். "நான் எலியெண்டு நினைச்சன்" என்றார். அடுத்த ஞாயிறு ஈயமும் அதைப் பற்றவைக்கும் கோலும் கொண்டுவந்தார். எங்கே போகிறோம் என்று வீட்டில் கேட்டால் 'கூட்டம்' என்று சொன்னோம். எந்தச் சங்கத்தின் கூட்டம் என்று என் மனைவி ஒருநாள் நானாவையே கேட்டாள். "போக்குவரத்துச் சங்கம், தங்கச்சி" என்றார், முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

மெல்ல மெல்லப் பிளைவூட் மேசை ஒன்றில் எங்கள் ஊர் ரயில் பாதையையே அமைக்கத் தொடங்கினோம். ஒரு தொங்கலில் முருங்கன். பிறகு திருக்கேதீஸ்வரம், கடல் மேல் பாலம், மன்னார், பேசாலை, கடைசியில் தலைமன்னார்த் துறை. இந்த மன்னார்த் தீவின் உப்புக்காற்று இரும்பை விடாது. ஒரு கிழமை தொடாமல் விட்டால் தண்டவாளம் கறுத்து, ரயில் நின்று நின்று இழுக்கும். ஆகவே ஒவ்வொரு ஞாயிறும் முதல் வேலை, பாதை முழுவதையும் அழிறப்பரால் தேய்ப்பது. இதற்கு நானா ஒரு சட்டம் வைத்திருந்தார்: "தேய்க்கேக்க யாரையும் திட்டலாம். ஓடேக்க ஏலாது."

என்னைத் தெரிந்தவர்களுக்கு இந்தச் சட்டம் யாருக்காகப் போடப்பட்டது என்று விளங்கும். எனக்கு வரவேண்டிய பாடசாலை அதிபர் பதவி இன்னொருவருக்குப் போனது. அது எப்படிப் போனது என்பது எனக்குத் தெரியும், கொடுத்தவர்களுக்கும் தெரியும். அதை நான் மன்னிக்கவில்லை. இந்த எழுத்திலும் மன்னிக்கப் போவதில்லை. வேறிடங்களில் நான் அந்தக் கதையை எடுத்தால் மனிதர்கள் மணிக்கூட்டைப் பார்ப்பார்கள். நானா பார்க்கவில்லை. அழிறப்பர்களைப் பங்கிடும்போது பெனடிக்ற்றிடம் சொல்வார்: "தீவுப் பக்கத்தை நாங்கள் பாப்பம். முருங்கன் வரைக்கும் மாஸ்ரருக்குக் குடுங்கோ. அவருக்குக் கனக்க இருக்கு."

பாலத்திலிருந்து முருங்கன் வரை, மேசையில் மிக நீளமான துண்டு அதுதான். நான் தேய்த்துக்கொண்டே திட்டுவேன். அவர் இடையிடையே "ஓம்", "அப்பிடியோ", "அவனுமோ" என்று கேட்பார். முருங்கன் வரும்போது எனக்கும் மூச்சு வாங்கும், தண்டவாளமும் வெள்ளி மாதிரி இருக்கும். பிறகு அவர் மின்சாரத்தைப் போடுவார்.

எங்கள் பெரிய பிழையைப் பற்றியும் சொல்லவேண்டும். பாதையின் படத்தை எண்ணெய்த்தாளில் கீறிக் கொடுத்தவன் நான். அதைப் பலகையில் பதித்தவர் நானா. மாதக்கணக்கில் தண்டவாளம் பதித்து, மண் போட்டு, பனை நட்டு, கழுதைகள்கூட வைத்துவிட்டோம். பேசாலைத் தேவாலயத்தை வைக்க வந்த நாளில் பெனடிக்ற் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"கோயில் இந்தக் கைப்பக்கம் எல்லோ வரவேணும்? இங்க கடல் கிடக்கு."

நானா எண்ணெய்த்தாளைக் கவிழ்த்துப் போட்டுப் பதித்திருந்தார். தீவு முழுவதும் இடம் வலமாகிக் கிடந்தது. நானா வாயில் கைவைத்தார். பிறகு, "கடலுக்குள்ள நிண்டு பாக்கிறம் எண்டு வைப்பம்" என்றார். எங்கே நின்று பார்த்தாலும் அது சரிவராது என்று நான் விளங்கப்படுத்தினேன். எல்லாவற்றையும் கழற்றிப் புதிதாகப் போடவேண்டும், அல்லது நான் வரமாட்டேன் என்றேன். அவர்கள் கழற்றவில்லை. நான் போகவில்லை.

சில ஞாயிறுகள் கழிந்து நானா வீட்டுக்கு வந்தார். தன் கடை அட்டைப்பெட்டிகளைக் கழுதைகள் தின்பதைப் பற்றி மனைவியோடு கதைத்தார். மேசையைப் பற்றி ஒரு சொல் இல்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றபோது சொன்னார்:

"ஸ்ரேசன் பேர்ப்பலகை எழுத ஒராள் வேணும், மாஸ்ரர். பின்பக்கமா எழுதவேணும். பெனடிக்ற்றுக்கு முன்பக்கமாவே பிழைக்குது."

"பின்பக்கமா எழுதி என்ன செய்யப் போறியள்?"

"வந்து பாருங்கோவன்."

போனேன். மூடப்பட்ட ஒரு சலூனின் பெரிய கண்ணாடியை வாங்கி மேசைக்கு எதிர்ச்சுவரில் பூட்டியிருந்தார்கள். அதற்குள் கடல் கடலின் பக்கத்தில் இருந்தது. பேசாலைத் தேவாலயம் தன் கைப்பக்கத்தில் நின்றது. "நீங்கள் விஞ்ஞானத்தில படிப்பிக்கிற சாமான்தானே" என்றார் நானா. நான் சிரிக்கவில்லை. ஆனால் 'மன்னார்' என்பதை அன்றே இடம் வலமாக எழுதிக் கொடுத்தேன். 'திருக்கேதீஸ்வரம்' எழுத ஒரு ஞாயிறு முழுவதும் போனது. அதன் பிறகு யார் பார்க்க வந்தாலும் நானா அவர்களை மேசைக்கு முதுகைக் காட்டி, கண்ணாடியைப் பார்க்கவைத்து நிறுத்துவார். அந்தப் பிழை தன்னுடையது என்று ஒவ்வொருவரிடமும் பெருமையாகச் சொல்வார்.

மனத்தில் ஒன்றையும் வைத்திராத மகான் என்று அவரைப் பற்றி இப்போது பேசுகிறார்கள். அது அவருக்குச் செய்யும் மரியாதை இல்லை. போர்க்காலத்தில் முஸ்லிம்கள் இந்த மாவட்டத்தை விட்டு வெளியேற்றப்பட்டபோது அவர் இளைஞர். உம்மாவோடும் தங்கைகளோடும் புத்தளத்துக்குப் போய், அங்கே ஓலைக் கொட்டிலில் இருந்தவர். ஒருநாள் தேய்த்துக்கொண்டிருக்கும்போது கேட்டேன்: "எங்கட ஆக்களில உங்களுக்குக் கோபம் இல்லையோ, நானா?"

"இருக்கு" என்றார் உடனே. "ஒராளை மட்டும் விடேலாமக் கிடக்கு. வெளிக்கிடேக்க எங்கட தையல் மிசினைத் தான் வச்சிருக்கிறன் எண்டு வாங்கினவர். திரும்பி வந்து கேக்க, என்ன மிசின் எண்டார். இப்பவும் கடைக்கு வாறவர்."

"வந்தா?"

"சாமான் குடுப்பன். தேத்தண்ணி குடுக்க மாட்டன்."

யார் என்று கடைசிவரை சொல்லவில்லை. கோபத்தை இப்படி ஒரு கோப்பை அளவில் வைத்திருக்கலாம் என்று எனக்கு யாரும் அதற்கு முன் காட்டியதில்லை. என்னால் அது முடியவில்லை. அதிபர் பதவியை எடுத்தவருக்கு நடந்த பாராட்டு விழாவுக்குப் பெனடிக்ற் போனார், புரியாணி சாப்பிட்டார், முகநூலில் சிரித்துக்கொண்டு நின்றார். அன்றிலிருந்து நான் அவரோடு பேசவில்லை. ஞாயிறு வருவேன், தேய்ப்பேன், ஓட்டுவேன். சொல்லவேண்டியதை நானா மூலம் சொல்வேன்.

"நானா, பேசாலைக்காரரிட்டச் சொல்லுங்கோ, அவர் பத்தவச்ச ஈயம் எல்லாம் கழண்டுபோச்சு எண்டு."

நானா கைக்கெட்டும் தூரத்தில் நிற்பவர் பக்கம் திரும்புவார். "பெனடிக்ற், உங்கட வேலை நல்லதாம். இன்னொருக்காச் செய்தால் இன்னும் நல்லதாம்."

"என்ர காது இன்னும் பழுதாகேல்ல எண்டு மாஸ்ரருக்குச் சொல்லுங்கோ."

"மாஸ்ரர், அவர் ஓமாம்."

இப்படியே தலைமன்னார்த் துறைவரை பாதையைப் போட்டு முடித்தோம். முடித்த கிழமையில் நானாவுக்கு நெஞ்சுவலி வந்தது. கொழும்பில் சத்திரசிகிச்சை செய்யவேண்டும் என்றார்கள், படியேறக்கூடாது என்றார்கள். அவர் கீழே கதிரையில் இருந்துகொண்டு எங்களை மேலே அனுப்பினார். நடுவில் அவர் இல்லாமல் நாங்கள் இருவரும் மேசைக்கு இரண்டு பக்கமும் நின்றோம். "ஓடுதோ?" என்று கீழேயிருந்து கேட்டார். "ஓடுது" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். "சத்தம் கேக்கேல்லையே" என்றார்.

அப்போதுதான் அவருடைய மகள் நஸ்ரின் மேலே வந்தார். "அங்கிள், நாளைக்கு வாப்பாவைக் கொழும்புக்குக் கொண்டுபோறம். துறை வரைக்கும் ஒருக்கா ஓடுறதைப் பாத்திட்டுத்தான் போவன் எண்டு படியேற வெளிக்கிடுறார். நான் பிடிச்சு இருத்திப்போட்டு வாறன். நீங்கள் ரெண்டு பேரும் என்ன செய்யப் போறியள்?"

மேசை கீழே போகவேண்டும், வேறு வழியில்லை. தூக்கினோம். படிக்கட்டின் திருப்பத்தில் அது போகாது என்பது தூக்கிய உடனே தெரிந்தது. வாள் கீழே கடையில் இருந்தது. பெனடிக்ற் போய் எடுத்துவந்தார்.

"எங்க வெட்டுறது?" என்றேன். மாதக்கணக்கில் அவரிடம் நேராக நான் கேட்ட முதல் கேள்வி.

"மாஸ்ரர் சொல்லுங்கோ."

"பேசாலையில வெட்டுவம்."

"ஏன், என்ர ஊரோ கிடைச்சது? பாலத்தில வெட்டுவம். அது முந்தியும் சண்டையில உடைஞ்சதுதானே."

பாலத்தில் வெட்டினோம். அவர் அறுக்க நான் பிடித்தேன். அவருக்குக் கை வலித்தபோது நான் அறுத்தேன். முதலில் தீவை இறக்கினோம். கீழேயிருந்து நானா கட்டளையிட்டார்: "மெதுவா. மாஸ்ரர், உங்கட பக்கம் சரியுது."

"அவரை முன்னுக்குப் போகச் சொன்னனான், நானா."

"எனக்கெங்க சொன்னனீங்கள்?" என்றார் பெனடிக்ற். "இண்டைக்குத்தானே வாய் திறந்திருக்கிறியள்."

ரயர் பெட்டிகளின்மேல் இரண்டு பாதியையும் வைத்துச் சேர்த்தோம். பெனடிக்ற் அடியில் வயரை இணைத்தார். வாள் தின்ற அகலத்துக்குத் தண்டவாளத்தில் ஓர் இடைவெளி விழுந்திருந்தது. கண்ணாடியை இறக்க நேரமில்லை. நானா கதிரையை இழுத்துப்போட்டு, என் இடம் வலமான எழுத்துக்களை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டு, தானே ரயிலை ஓட்டினார். முருங்கன் விட்டது. திருக்கேதீஸ்வரம் விட்டது. பாலத்தின் நடுவில் 'டக்' என்று ஒரு சத்தம். பெட்டிகள் ஒவ்வொன்றும் அதே இடத்தில் 'டக்' என்று தாண்டின. ஒன்றும் விழவில்லை. துறையின் முனையில் ரயில் நின்றது.

"இனி இந்தியாவுக்கு நீந்தித்தான் போகவேணும்" என்றார் நானா. "இன்னொருக்கா விடுவம்."

பின்னேரம் முழுவதும் ஓட்டினார். அந்த இடைவெளியை ஈயம் வைத்து அடைத்துத் தருகிறேன் என்று பெனடிக்ற் எழும்பியபோது கையைக் காட்டி மறித்தார். "விடுங்கோ. அந்தச் சத்தம் கேட்டாத்தான் மன்னாருக்கு வந்திட்டம் எண்டு தெரியும்."

மறுநாள் போனார். அதற்குப் பிறகு அவருடைய குரலை நான் கேட்கவில்லை.

மேசை இன்னும் கடையின் பின்பக்கத்தில் அப்படியே இருக்கிறது. எடுக்கவேண்டாம் என்று நஸ்ரின் சொல்லிவிட்டார். போன ஞாயிறு பெனடிக்ற் புது இணைப்புத் துண்டுகளோடு வந்தார். தொடக்கூடாது என்றேன். தடம்புரளும் என்றார். புரளட்டும் என்றேன். தெருவில் போனவர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்கு, நேருக்கு நேர் நின்று கத்தினோம். கடைசியில் அவர் துண்டுகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

சலீம் நானாவின் கடையும் நல்ல பெயரும் அவருடைய பிள்ளைகளுக்கு. எனக்கு அவரிடமிருந்து இருப்பது பாலத்தின் நடுவில் வாளின் அகலத்துக்கு ஓர் இடைவெளி. ஞாயிறு பின்னேரங்களில் ரயில் அதைத் தாண்டுகிறது. மன்னாருக்கு வந்துவிட்டோம் என்று எனக்குத் தெரிகிறது.