மூணாம் ஷெட்டில் கேட்ட குரல்

1. தோல்முட்டை

எருமப்பட்டிப் பக்கம் முட்டைக்கோழி வளர்க்கிற ஒரு லேயர் பண்ணையில் நான் சூப்பர்வைசராக இருந்தபோது, மூணாம் ஷெட்டில் திடீரென்று தோல்முட்டை விழ ஆரம்பித்தது. ஓடு இல்லாமல், தொட்டால் அமுங்குகிற முட்டை. எந்த ஷெட்டிலும் ஒன்றிரண்டு விழும். இங்கே வரிசைக்கு வரிசை கிடந்தது.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: சந்தேகப்படப் பழகுங்கள். தீவனம் மிஞ்சினால் சந்தேகப்படுங்கள். தண்ணீர் மிஞ்சினால் சந்தேகப்படுங்கள். நல்ல பெயர் வாங்குகிற சூப்பர்வைசர் எல்லாம் பொண்டாட்டி வைத்த குழம்பையும் முகர்ந்து பார்த்துத்தான் சாப்பிடுவான்.

தீவனத்தைப் பார்த்தேன், சரியாக இருந்தது. டாக்டரை வரவழைத்து இரண்டு கோழிகளை அறுத்துப் பார்க்கச் சொன்னேன். நோய் இல்லை. "எதையோ பாத்து மெரண்டிருக்குதுங்க. மெரண்டா ஓடு கட்டறதுக்குள்ள முட்டையப் போட்டுரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பாம்பு, மரநாய் வந்த தடம் எதுவும் கிடைக்கவில்லை. கோழி மேல் குற்றமில்லை என்றால் ஆள் மேல்தான்.

2. கம்பி வேலிக்கு இருபுறம்

பண்ணைக்குப் பின்னால் எதிரெதிராக இரண்டு லைன் வீடுகள். ஒன்றில் நம் ஊர்க்காரர்கள், இன்னொன்றில் ஒடிசாக்காரர்கள். குழாயடிச் சண்டை ஒன்று வந்ததிலிருந்து முதலாளி நடுவில் கம்பி வேலி போட்டுவிட்டார். ஷெட் வேலை அவர்களுக்கு. முட்டை ரூம் வேலை நம்மவர்களுக்கு, ஏனென்றால் லோடு ஏற்ற வருகிறவர்களிடம் தமிழில் பேச வேண்டும்.

முட்டை ரூமில் மல்லிகா. மூணாம் ஷெட்டில் மமதாவும் அவள் புருஷனும். இந்த இரண்டு பெண்களும் கொஞ்ச காலமாகச் சாயங்காலம் வேலியருகில் நின்று பேசுவதை நான் கவனித்து வந்தேன். இவள் ஒரு சொல் சொல்ல அவள் திருப்பிச் சொல்வாள். அவள் ஒன்று சொல்ல இவள் திணறுவாள். சிரிப்பு வேறு.

இரண்டு லைனிலும் யாருக்கும் இது பிடிக்கவில்லை. "ஏனுங்கண்ணா, அவ தமிழ் பழகறது சும்மாவா? நாளைக்கு முட்டை ரூமும் அவுங்களுக்குப் போயிரும், பாத்துக்கங்க" என்று நம் லைன் பெண்கள் என்னிடம் வந்து சொன்னார்கள். மல்லிகாவை நான்தான் வேவு பார்க்க அனுப்புகிறேன் என்று அந்த லைன் ஆண்கள் பேசிக்கொண்டார்களாம். எனக்கும் என் கணக்கு ஒன்று இருந்தது. யாரோ வேறு பண்ணைக்காரன் மல்லிகாவை வைத்து ஷெட் ஆட்களை இழுக்கப் பார்க்கிறான் என்று நினைத்தேன். ஆக, இரண்டு பெண்கள் பேசிக்கொண்டதற்கு மூன்று சதி கண்டுபிடித்துவிட்டோம்.

ஒரு நாள் காலையில் தீவனம் போடுகிற நேரம் பார்த்து, மூணாம் ஷெட்டுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி மறைவில் நின்றேன்.

ஷெட்டுக்குள் சட்டென்று நுழையக் கூடாது. கோழி மிரளும். அதனால் ஒவ்வொருவரும் நுழையும் முன் ஒரு குரல் கொடுப்பார்கள். சிலர் விசிலடிப்பார்கள். கோழி அந்தக் குரலையும், தினம் உடுத்துகிற துணியின் நிறத்தையும் பழகிக்கொள்ளும். மமதா "ஆஸ, ஆஸ" என்று கூப்பிடுவாள். வா வா என்று அர்த்தம்.

அன்றைக்கும் "ஆஸ, ஆஸ" கேட்டது. ஆனால் நம் ஊர் இழுவையோடு கேட்டது. உள்ளே கோழிகள் படபடவென்று இறக்கை அடித்தன. எட்டிப் பார்த்தேன். மமதாவின் பச்சைச் சட்டையைப் புடவைக்கு மேல் மாட்டி, முகத்தில் துண்டு கட்டித் தீவன வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தவள் மல்லிகா.

நேராக முட்டை ரூமுக்குப் போனேன். அங்கே முகத்தில் துண்டோடு உட்கார்ந்து முட்டை பிரித்துக்கொண்டிருந்தாள் மமதா. என்னைப் பார்த்ததும் எழுந்தாள். அந்த எழுந்திருப்பிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. மாசமாக இருந்தாள்.

மல்லிகாவைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். அவள் பயப்படவில்லை.

"இவ வண்டி தள்ளக் கூடாதுங்கண்ணா. முன்ன இருந்த பண்ணையில மாசமா இருக்கறது தெரிஞ்சதும் ஊருக்கு அனுப்பிட்டாங்க. போற வழியில ரயில்லயே கலைஞ்சு போச்சு. இங்கயும் தெரிஞ்சா அனுப்பிருவாங்கன்னு அழுதா. பக்கத்து ஊட்டுல ஒருத்தி அழுதா காது கேக்காத மாதிரி இருக்க முடியுமுங்களா? லோடுக்காரங்க கேட்டா பதில் சொல்லோணுமேன்னு நான் தமிழ் சொல்லிக் குடுத்தேன். கோழிய எப்புடிக் கூப்புடறதுன்னு அவ சொல்லிக் குடுத்தா. கோழிக்குத்தான் என்னையப் புடிக்கல."

3. முதலாளி வந்தார்

மறைத்து வைக்கிற விஷயமா இது? கோழி ஏமாறவில்லையே. முதலாளியிடம் சொன்னேன். அடுத்த நாளே வந்தார். இரண்டு பெண்களும் சுவரோரமாக நின்றார்கள். மமதாவை அவர் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"அந்தப் புள்ளைய நாளைக்கே ரயில் ஏத்தி உட்ருங்கண்ணா. இங்க ஒண்ணு ஆச்சுன்னா நாமதான் பதில் சொல்லோணும். லீவுன்னு சொல்லி அனுப்புங்க. அதுக்கென்ன தெரியப்போவுது?"

நான் வாயைத் திறக்கும் முன் சுவரோரத்திலிருந்து குரல் வந்தது.

"ரயிலு வேண்டாமுங்க. போன தடவ ரயில்லதானுங்க எம் புள்ள போச்சு."

முதலாளி திரும்பினார். "இதுக்குத் தமிழ் தெரியுமா? எப்ப இருந்து?"

"பேசத்தானுங்க இப்பப் பழகுனேன். கேட்டா முன்னாடியே புரியுமுங்க."

முதலாளியின் முகம் வெளிறியதை நான் பார்த்தேன். இத்தனை காலமாக இவர்கள் முன்னால் என்னென்ன பேசினோம் என்று மனசுக்குள் தேடிக்கொண்டிருந்தார். நானும்தான். அவர் செருப்பைப் பார்த்தபடி, "முட்டை ரூம்லயே உக்காரட்டும். ஷெட்டுக்கு வேற ஆளப் போடுங்க" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

நாமக்கல் ஆஸ்பத்திரியில் மமதாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிரசவ வார்டுக்குள் புருஷனை விடவில்லை. மல்லிகாதான் உள்ளே இருந்தாள்.

"வலியில அவளுக்குத் தமிழெல்லாம் மறந்து போச்சுங்கண்ணா. நர்சு சொன்னதையெல்லாம் நாந்தான் அவ பாஷையில கத்துனேன்" என்றாள் திரும்பி வந்து. அவள் தொண்டை கட்டியிருந்தது.

வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு இன்றும் சந்தேகப்படத்தான் சொல்கிறேன். கூடவே இன்னொன்றும் சொல்கிறேன். நீங்கள் சந்தேகப்படுகிற ஆள் உங்களுக்குப் பதில் சொல்ல ஒரு பாஷை வேண்டும். அவனுக்கு உங்கள் பாஷை வராவிட்டால் அவன் பாஷையில் நாலு வார்த்தையாவது நீங்கள் பழகுங்கள். அதுவரை அவன் முன்னால் வாயை அடக்கிப் பேசுங்கள். அவன் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான்.